படைப்பே ஆய்வாகும் முனைவர் பட்டம்: ஓவியரும் சிற்பியும் எந்த வழியைத் தேர்வது?

நுண்கலையில் முதுகலைப் பட்டம் முடித்து, சில ஆண்டுகள் சொந்தமாகப் படைத்து, ஒன்றிரண்டு கண்காட்சிகளும் நடத்திவிட்ட ஓவியருக்கோ சிற்பிக்கோ முப்பது வயதை ஒட்டி ஒரு முடிவு காத்திருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதா, செய்வதானால் எங்கே, எந்த வகையில் என்பதே அது. கல்லூரி வேலை, பதவி உயர்வு, உதவித்தொகை, வெளிநாட்டு வாழ்க்கை என்று பல காரணங்கள் இந்த முடிவைப் பல திசைகளில் இழுக்கின்றன. அவை அனைத்தும் நியாயமானவையே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. தேர்வு நடக்கும் நாளில், நீங்கள் உருவாக்கிய படைப்பு தேர்வாளர்களின் முன் எந்த இடத்தில் இருக்கும்? அதுவே மதிப்பீட்டுக்கு உரிய பொருளாக இருக்குமா, எழுத்தோடு சேர்த்து மதிப்பிடப்படுமா, அல்லது ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சிறு புகைப்படங்களாகச் சுருங்கிவிடுமா? நாடுகளையும் நிறுவனங்களையும் இந்தக் கேள்வியைக் கொண்டு பார்த்தால், ஒரே பெயரில் வழங்கும் பட்டங்கள் உள்ளே எவ்வளவு வேறுபட்டவை என்பது தெரியவரும்.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பணியாற்றிய கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இல் எழுதிய ஒரு கட்டுரை, கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியே நடக்கும் ஆய்வு, கலைக்காக நடக்கும் ஆய்வு என்று மூன்றாகப் பிரித்தது. முதல் வகை நமக்குப் பழக்கமானது. பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றியோ எழுதப்படும் வரலாற்று ஆய்வுகள் அதில் அடங்கும். இரண்டாவது வகையில், பொருளைக் கையில் எடுத்து வேலை செய்வதே ஆய்வுமுறை. பதிவேடு, தோல்வியுற்ற முயற்சிகள், மாற்றிப் பார்த்த அளவுகள் எல்லாம் சான்றுகள். மூன்றாவது வகையில் படைப்பே விடையாக முன்வைக்கப்படுகிறது; அது சொல்ல வருவதைச் சொற்களால் முழுவதும் ஈடுசெய்ய முடியாது என்ற ஏற்பு அதற்கு அடிப்படை. படைப்புவழி முனைவர் பட்டம் என்று இன்று அழைக்கப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகையிலும், சில நாடுகளில் மூன்றாம் வகையை நெருங்கியும் அமைகிறது.

இந்த வேறுபாடு காற்றில் நிற்காமலிருக்க, ஓர் ஆய்வுக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிலும் அதன் கதி என்னவாகும் என்று பார்க்கலாம். புதுக்கோட்டை வட்டாரத்து ஐயனார் கோயில்களுக்கு வேளார்கள் (மரபுவழிக் குயவர்கள்) செய்து வைக்கும் பெரிய சுடுமண் குதிரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றிடமாக, களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, கால்களிலிருந்து படிப்படியாக எழுப்பி, ஒவ்வொரு கட்டமும் இறுகும் வரை பொறுத்திருந்து, வைக்கோலும் வரட்டியும் விறகும் சுற்றி அடுக்கித் திறந்த வெளியில் சுடப்படும் உருவங்கள் அவை. ஒரு சிற்பி, “இத்தனை பெரிய உருவம் வெடிக்காமல் வேகும்படி கலவையையும் சுவரின் கனத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் கை எப்படித் தீர்மானிக்கிறது, அந்த அறிவை இன்றைய சிற்பத்துக்குள் கொண்டுவந்தால் உருவம் என்னவாக மாறும்” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இக்கேள்வியின் முதல் பாதிக்குக் களப்பணியும் நேர்காணலும் ஓரளவு விடை தரும். இரண்டாம் பாதிக்கு மண்ணைப் பிசைந்து உருவத்தை எழுப்பிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. படைப்புவழி ஆய்வு தேவைப்படும் கேள்வி எது என்பதற்கு இதுவே நல்ல சோதனை: ஓவியக்கூடத்தை மூடிவிட்டாலும் விடை கிடைத்துவிடும் என்றால், அந்தக் கேள்விக்கு வழக்கமான ஆய்வுப் பட்டமே போதுமானது, அதுவே நேர்மையானதும்கூட.

முதலில் இந்தியாவுக்குள் இருக்கும் வழியைப் பார்க்கலாம், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் அதில்தான் நுழைகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிகளின்படி குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள், வழக்கமான உச்சவரம்பு 6 ஆண்டுகள். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. தொடக்கத்தில் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) பாடப்படிப்பு, பருவந்தோறும் ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை, முடிவில் ஆய்வேடு, குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள், பொது வாய்மொழித் தேர்வு என்பது நடைமுறை. பணியில் இருப்போர் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழுடன் பகுதிநேரமாகவும் பதிவு செய்யலாம். ஆய்வு இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. இவை அனைத்தும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை, சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட இவ்விதிகள் ஆய்வேட்டை மையமாகக் கொண்டவை. சிற்பமோ ஓவியமோ சமர்ப்பிப்பின் பகுதியாகலாமா, ஆகுமானால் எழுத்தின் அளவு எவ்வளவு குறையலாம் என்பவற்றையெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் துணைவிதிகளில் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல இடங்களில் தீர்மானிக்கப்படவே இல்லை.

இதைவிட ஆழமான தடை ஒன்று நெறியாளர் தகுதியில் இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற நிரந்தர ஆசிரியரே நெறியாளராக முடியும். அவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும். நுண்கலைத் துறைகளில் முப்பது ஆண்டுகள் மண்ணோடும் கல்லோடும் உழைத்து, தலைமுறைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்களில் பலர் இந்தத் தகுதிக்குள் வருவதில்லை. அதன் விளைவாக, நம் சிற்பியின் குதிரை ஆய்வு கலை வரலாற்றாசிரியர் ஒருவரின் நெறியாள்கைக்குப் போகிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தமக்குத் தெரிந்த வழியிலேயே அதை நடத்துவார்: நாட்டார் சமயம், வேளார் சமூக வரலாறு, நேர்த்திக்கடன் மரபு, உருவவியல் ஒப்பீடு என்று இயல்கள் அமையும். நூலகத்துக்குத் தகுந்த நல்ல ஆய்வேடாக அது முடியலாம். சிற்பி கேட்ட கேள்வி மட்டும் விடையில்லாமல் தங்கிவிடும். இதற்கு விதிகளுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. இணை நெறியாளர் ஒருவரை வேறு துறையிலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ சேர்த்துக்கொள்ள இடமிருப்பதால், பொருளறிவும் ஆய்வுத் தகுதியும் ஒருங்கே உள்ள ஒருவரைத் தேடிப் பதிவின் தொடக்கத்திலேயே இணைத்துவிடுவது நல்லது. ஆய்வின் நடுவில் அதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

நாட்டுக்குள் இடத்துக்கு இடம் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. 1919இல் தொடங்கிய சாந்திநிகேதனின் கலாபவனத்திலும், 1950இல் தொடங்கிய பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்திலும் பட்டறைச் சூழலும் கலை வரலாற்றுத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், எழுதும் ஆய்வாளரின் கையும் வேலையை மறந்துவிடாது. தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பள்ளி கலைச் செயல்பாட்டையும் கோட்பாட்டையும் இணைத்துப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு அமைந்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் பள்ளி வரலாற்றிலும் விமர்சனத்திலும் வலுவானது. அங்கே செல்பவர் எழுத்தாளராகவே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2013இல் இசைக்கும் நுண்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தபின், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் அதன் கீழ் வந்தன. தனிப் பல்கலைக்கழகம் என்பதாலேயே, படைப்பைச் சமர்ப்பிப்பின் பகுதியாக ஏற்கும் துணைவிதிகளை வகுக்க அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. அது நடந்தால் நம் மாணவர்களின் தேர்வுகள் பலவும் மாறிவிடும் என்று நான் நம்புகிறேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறை உண்டு, ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதவும் முடியும். வேளார் மண்ணைப் பற்றிப் பேசும் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு ஆராய விரும்புபவருக்கு இது சிறிய வசதியன்று.

பணத்தைப் பொறுத்தவரை, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் காட்சிக்கலைப் பாடத்தை எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு இந்திய வழி நிம்மதியானது. 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை நிலையில் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. வீட்டு வாடகைப்படி அதற்குமேல். இத்தொகை சொந்த ஊரில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்து, மண்ணும் விறகும் வாங்கி, பெரிய உருவங்களைச் சுட்டுப் பார்க்கப் போதுமானது. உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்பவருக்கு மாதம் 8,000 ரூபாய்தான். அதைக் கொண்டு தங்குவதே சிரமம், சூளைக்கு எங்கே போவது?

பட்டத்தின் பயனையும் இங்கேயே பேசிவிடலாம். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற ஏற்பாடு 2023 ஜூலையில் கைவிடப்பட்டு, நெட் அல்லது அதன் மாநில அளவிலான வடிவமான செட் தகுதியே போதும் என்றாயிற்று. அதோடு, 2018ஆம் ஆண்டு நியமன விதிகளில் இசை, நிகழ்த்துகலை, காட்சிக்கலைத் துறைகளுக்கென்றே, புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று சிறந்த தொழில்சாதனை புரிந்த கலைஞரை வேறு தகுதிவழியில் நியமிக்கவும் இடமுண்டு. ஆகவே நுழைவு நிலை வேலைக்காக மட்டும் ஒருவர் ஆறு ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. இணைப் பேராசிரியர் நிலைக்கு உயர்கையில் பட்டத்தின் தேவை உண்மையாகவே வருகிறது. தகுதிவரிசை தயாரிக்கும் தேர்வுக் குழுக்கள் பட்டத்தை விரும்புவதும் மெய்தான். வேலைதான் நோக்கம் என்றால், நெட் தேர்வை முதலில் முடித்துப் பணியில் சேர்ந்தபின் பகுதிநேரமாகப் பதிவு செய்வது அறிவான வரிசை.

பிரிட்டனுக்கு வருவோம். படைப்பைச் சமர்ப்பிப்பின் பகுதியாக ஏற்கும் முனைவர் பட்டம் மிக நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டுச் சீர்பெற்ற நாடுகளில் அது ஒன்று. கலைப் பள்ளிகள் பலவும் பாலிடெக்னிக்குகளோடு (அங்கே பட்டப்படிப்பும் நடத்திய உயர்கல்வி நிறுவனங்கள்) இணைக்கப்பட்டிருந்தன. 1992இல் அந்தப் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாயின. உடனே ஓவிய, சிற்ப ஆசிரியர்களும் ஆய்வுத் தர மதிப்பீட்டுக்கு உட்பட்டார்கள், அவர்களுடைய கண்காட்சிகளும் ஆய்வுப் பயன்களாகக் கணக்கில் வந்தன. அந்த நிர்வாகக் கட்டாயத்திலிருந்து பிறந்த ஏற்பாடுதான் என்றாலும், முப்பது ஆண்டு விவாதத்தால் அது பக்குவப்பட்டிருக்கிறது. ஸ்லேட் பள்ளி, கோல்ட்ஸ்மித்ஸ், ராயல் கலைக் கல்லூரி, லண்டன் கலைப் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் பள்ளி, கிளாஸ்கோ கலைப் பள்ளி ஆகியவை அறியப்பட்ட இடங்கள். வழக்கமான ஆய்வேடு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை நீளும் நிலையில், படைப்போடு சமர்ப்பிக்கப்படும் எழுத்து பல இடங்களில் 30,000 முதல் 40,000 சொற்களுக்குள் அடங்குகிறது. தேர்வாளர்கள் கண்காட்சியை நேரில் பார்த்து, எழுத்தைப் படித்து, பின்னர் மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு நடத்துகிறார்கள். பெரும்பாலும் முதலில் முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். நிலையில் பதிவு செய்து, ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஒரு குழுவின் முன் வேலையைக் காட்டி முனைவர் நிலைக்கு உயர வேண்டும். கேள்வி கூர்மையடையாத ஆய்வை அந்தக் கட்டமே நிறுத்திவிடும் என்பதால், அதை நான் இந்த முறையின் பெரும் நன்மைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

நம் சிற்பி அங்கே போனால் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் இடம் கிடைக்கும். அவர் எழுப்பிய உருவங்களும், வெடித்துப்போன உருவங்களும், சூட்டின் பதிவேடுகளும் ஆய்வுச் சான்றுகளாக ஏற்கப்படும். இன்னொரு நன்மை குறைவாகவே பேசப்படுகிறது. வேளார்களோடு சேர்ந்து வேலை செய்வதானால், களத்துக்குப் புறப்படும் முன்பே ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும்: அவர்களுக்கு ஆய்வின் நோக்கம் விளக்கப்பட்டதா, அவர்களுடைய அறிவுக்கு யார் பெயரில் உரிமை, படம் எடுக்கவும் வெளியிடவும் இசைவு தந்தார்களா என்றெல்லாம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இது வெறும் தாள் வேலை என்று சலித்துக்கொள்வோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. தலைமுறைகளாகக் கைமாறி வந்த சுடும் நுட்பத்தை ஒருவர் தன் பட்டத்துக்காக எடுத்துப் பயன்படுத்தி, அதைக் கற்பித்த வேளாரை நன்றியுரையில் ஒரு வரியாகக் குறுக்கிவிடுவது அநீதி. அந்த அநீதிக்கு எதிராக ஆய்வாளரை முன்கூட்டியே சிந்திக்க வைக்கும் எந்த ஏற்பாட்டையும் நம் நிறுவனங்களும் கடன் வாங்கலாம்.

குறைகள் பொருளாதாரத்தில் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. நம் பணத்தில் அது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல், லண்டன் வாடகை தனி. காமன்வெல்த் உதவித்தொகையும், பிரிட்டன் ஆய்வு மன்றங்கள் 2021 முதல் ஒரு பகுதி இடங்களை வெளிநாட்டினருக்கும் திறந்துவிட்ட உதவித்தொகைகளும் உண்டு, போட்டி கடுமையானது. முழு உதவித்தொகை இல்லாமல், நிலத்தையோ வீட்டையோ அடகு வைத்து நுண்கலை முனைவர் பட்டத்துக்கு லண்டன் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் அளவுக்கு வருவாய் தரும் வேலை இந்தப் பட்டத்துக்குப் பின்னால் உறுதியாக இல்லை. பட்டறை இடமும் எல்லா ஆய்வு மாணவருக்கும் தனியாகக் கிடைப்பதில்லை. வைக்கோல் அடுக்கித் திறந்த வெளியில் பத்தடி உருவத்தைச் சுடுவது அந்த நகரத்துக்குள் நடக்காத காரியம். ஆண்டின் ஒரு பகுதியைக் களப்பணியாகப் புதுக்கோட்டையில் கழிக்க வேண்டும், அதற்கு நெறியாளரின் இசைவும் விசா விதிகளுக்கு உட்பட்ட திட்டமும் முதல் ஆண்டிலேயே தேவை.

ஆஸ்திரேலிய முறை பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையின் உறவு. 1980களின் இறுதியில் கலைக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டபின் அது பரவியது. கண்காட்சியும் அதற்குரிய விளக்க ஆய்வுரையும் சேர்ந்தே சமர்ப்பிப்பு. வாய்மொழித் தேர்வு அங்கே மரபாக இருந்ததில்லை. புறத்தேர்வாளர்களின் எழுத்து அறிக்கைகளே முடிவைத் தீர்மானித்து வந்தன. பேச்சைவிட வேலையால் தன்னை நிறுவக்கூடியவருக்கு அது வசதி, ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடத்தில் நேரில் விளக்கும் வாய்ப்பு குறைவு. ஜப்பானில் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் 1977 முதல் முனைவர் நிலைப் படிப்பை நடத்துகிறது. மண்ணும் உலோகமும் அரக்குப் பூச்சும் அறிந்த கைகள் அங்கே ஆசிரியர்களாக இருக்கின்றன, ஜப்பானிய அரசின் உதவித்தொகை கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கிறது. ஜப்பானிய மொழியைக் கற்கத் துணிந்த சுடுமண் கலைஞருக்கு இந்த வழி லண்டனைவிடப் பயனுள்ளதாக இருக்கக்கூடும் என்றாலும், நம்மவர்கள் அதைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

படைப்பு எந்த இடத்தில் இருக்கும் என்ற என் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தருபவை வட ஐரோப்பிய நாடுகள். நார்வேயில் கலைப் படைப்பாக்கப் பணி ஆய்வுக்கு நிகரானது என்ற நிலை 1990களிலேயே பல்கலைக்கழகச் சட்டத்தில் இடம்பெற்றது. 2003இல் கலைஞர்களுக்கான ஆய்வு நல்கைத் திட்டம் தொடங்கி, 2018 முதல் அது கலையாய்வில் முனைவர் பட்டமாகவே வழங்கப்படுகிறது. அங்கே மையம் படைப்புதான். அதோடு சேர்ந்து வர வேண்டிய சிந்தனைப் பகுதியும் எழுத்தாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொருத்தமான வேறு ஊடகத்தையும் ஆய்வாளர் தேர்ந்துகொள்ளலாம். ஸ்வீடன் 2010இல் கலைத்துறை முனைவர் பட்டத்தை அறிவியல் முனைவர் பட்டத்திலிருந்து பிரித்துத் தனிப் பட்டமாக நிறுவியது. அதற்கு முன்பே, 2006இல், லுண்ட் பல்கலைக்கழகத்தின் மால்மோ கலைக் கழகத்திலிருந்து நுண்கலையில் முதல் முனைவர்கள் வெளிவந்திருந்தனர். நான்கு ஆண்டு ஆய்வுக்காலத்தின் இடையிடையே திறந்த கருத்தரங்குகளில் வேலையைக் காட்டி, முடிவில் எதிருரையாளர் ஒருவருடன் பொதுமக்கள் முன்னிலையில் வாதிட வேண்டும். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி நுண்கலைக் கழகம் 1990களின் இறுதியில் இத்தகைய படிப்பைத் தொடங்கி, 2013இல் உருவான கலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று.

இந்நாடுகளின் மிகப் பெரிய வேறுபாடு, ஆய்வாளரை மாணவராக மட்டும் கருதாததே. ஸ்வீடனிலும் நார்வேயிலும் அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்; மாதச் சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் விடுப்பும் உண்டு, கட்டணம் இல்லை. ஃபின்லாந்திலும் முனைவர் படிப்புக்குக் கட்டணம் கிடையாது; ஆயினும் சம்பளம் தானாக வருவதில்லை, கோனே அறக்கட்டளை போன்றவற்றிடம் நல்கை தேட வேண்டும். குடும்பம் உள்ள, வயது முப்பத்தைந்தைக் கடந்த கலைஞருக்கு ஸ்வீடனையும் நார்வேயையும்விட மேலான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. தடை எண்ணிக்கையில் இருக்கிறது. இடங்கள் வேலை விளம்பரங்களாகவே வெளியாகின்றன. ஓராண்டில் ஒரு துறையில் ஒன்றோ இரண்டோ வரலாம், வராமலும் போகலாம். விண்ணப்பம் என்பது மதிப்பெண் பட்டியலன்று. ஏற்கெனவே செய்த வேலையின் தொகுப்பும், செய்யப்போகும் ஆய்வின் கூர்மையான திட்டமுமே. எனவே இதை முதல் தெரிவாக வைத்துக்கொண்டு காத்திருப்பவர், அந்தக் காத்திருப்புக் காலத்தில் தன் ஊரிலேயே ஆய்வைத் தொடங்கிவிட வேண்டும். நம் சிற்பி இரண்டு குதிரைகளைச் சுட்டுப் பார்த்து, எங்கே ஏன் வெடித்தது என்பதைப் பதிவு செய்து வைத்திருந்தால், அவருடைய திட்டம் வெறும் ஆசையாக இராது.

அமெரிக்காவைப் பற்றிப் பலரிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. அங்கே ஓவிய, சிற்பத் துறைகளில் உச்சப் பட்டமாகக் கருதப்படுவது முதுகலை நுண்கலைப் பட்டமே. அந்நாட்டுக் கலை ஆசிரியர்கள், கலைஞர்களின் தொழில்சார் அமைப்பான கல்லூரிக் கலைச் சங்கம் 1977இல் இதை அறிவித்துப் பின்னரும் உறுதிசெய்திருக்கிறது. அங்கே கற்பிக்க விரும்புபவருக்கு முனைவர் பட்டம் தேவையில்லை, கலைஞருக்கான முனைவர் படிப்புகளும் குறைவு. ஆனால் அமெரிக்க முதுகலைப் பட்டத்தோடு இந்தியா திரும்புபவருக்கு இங்கே அது முதுகலைப் பட்டம்தான். இரு நாடுகளின் கணக்கும் ஒத்துப்போகாத இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதைப் புறப்படும் முன் ஓரளவேனும் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

பட்டமே வேண்டாம் என்ற வழியையும் மற்றவற்றுக்கு நிகராக வைத்தே எடைபோட வேண்டும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்காக நிலம் வாங்கி, பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுப் பிழைத்து, கோடும் எழுத்தும் மரபும் சேரும் ஒரு புதிய ஓவிய மொழியைத் தேடினார்கள். அது ஆய்வுதான், எந்தப் பல்கலைக்கழகமும் அதைப் பதிவு செய்துகொள்ளவில்லை. பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் கற்பித்த கே.ஜி. சுப்பிரமணியன் சுடுமண்ணிலும் கண்ணாடி ஓவியத்திலும் சுவரோவியத்திலும் உழைத்துக்கொண்டே, வாழும் கலை மரபுகளைப் பற்றி எழுதிய எழுத்து இன்றைய ஆய்வேடுகள் பலவற்றுக்கு மூலமாக நிற்கிறது. யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் போரால் இடம்பெயர்ந்தவர்களிடம் அவரவர் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றோடு தம் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூல்வடிவப் படைப்பாக வெளியிட்டார். அவர் தில்லியில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். ஆனால் அந்த நூல் ஒரு பட்டத்துக்கான சமர்ப்பிப்பு என்பதால் மதிக்கப்படவில்லை. வேறெந்த வடிவத்திலும் சேகரிக்க முடியாத அறிவைச் சேகரித்தது என்பதால் மதிக்கப்படுகிறது. பெங்களூரில் 1993இல் அமைந்த இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைச் செயல்பாட்டுக்கும் கலையாய்வுக்கும் நல்கைகள் வழங்குகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளநிலை, முதுநிலை நல்கைகள் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. லலித் கலா அகாதமியின் சென்னை மண்டல மையத்தில் பட்டறை வசதி உண்டு. கேள்வி தெளிவாகவும், கற்பிக்கும் ஆசை குறைவாகவும் உள்ளவர் இரண்டு ஆண்டு நல்கையில் குதிரையைச் செய்து முடித்துவிடலாம். இந்த வழியில் இல்லாதது, மாதந்தோறும் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நெறியாளரும் உடன் ஆய்வாளர்களும். தனிமையில் உழைக்கப் பழகாதவருக்கு அந்த இழப்பு பெரிது.

ஆக, என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். கேள்வி மெய்யாகவே கையால்தான் விடைபெறும் என்றால், முதல் தெரிவு நார்வேயும் ஸ்வீடனும். முழு உதவித்தொகை கிடைத்தால் பிரிட்டனும் ஜப்பானும் அடுத்து. அவை கைகூடாத நிலையில் இந்தியாவில் பதிவு செய்பவர் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்யப்போகிறோம் என்பதை அறிந்தே நுழைய வேண்டும்: ஆய்வேடு ஒன்று, பட்டறைப் பணி இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டும்படி தலைப்பைத் தேர்ந்துகொண்டால் அந்த ஆறு ஆண்டுகள் வீண்போகா; தலைப்பை நெறியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், பட்டம் கையில் வரும்போது பட்டறை ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்திருக்கும். வேலைக்காகவே பட்டம் என்பவருக்குப் பகுதிநேரப் பதிவு, அதுவும் பணியில் சேர்ந்த பின். வயது முப்பதை நெருங்குபவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் நெட் தேர்வை முதலில் எழுதிவிடுவது நல்லது, ஏனெனில் இளநிலை உதவித்தொகைக்கான பொது வயது வரம்பு 30தான். பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று எளியது, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை. நீங்கள் விரும்பும் நெறியாளரின் கீழ் முன்பு முடித்தவர்களின் சமர்ப்பிப்புகளைத் தேடி முழுவதும் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ஆய்வேடுகள் அந்தந்தப் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலும், ஐரோப்பியக் கலையாய்வுகள் பல ரிசர்ச் கேட்டலாக் தளத்திலும் திறந்தே கிடக்கின்றன. படைப்புகளைப் பற்றிய பக்கங்கள் எத்தனை, ஒரு தோல்வியாவது வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறதா, படங்கள் கண்ணால் படிக்கக்கூடிய தரத்தில் இருக்கின்றனவா, முடிவுரை கூறும் கருத்து அந்தப் படைப்பு இல்லாமலேயே சொல்லக்கூடியதா என்று கவனியுங்கள். பிறகு அந்த நெறியாளருக்கு எழுதும் முதல் மடலிலேயே, தேர்வாளர்கள் படைப்பை நேரில் பார்ப்பார்களா, எங்கே, யாருடைய செலவில் என்று கேட்டுவிடுங்கள்.